டெலிபோன் வந்துவிட்டது, மாத்திரை எங்கே?

மனதில் சஞ்சலமா, தூக்கமில்லையா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா, 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், இரவானாலும் பகலானாலும் கேட்பதற்கு ஆள் உண்டு என்று சர்க்கார் சொல்கிறது. சொல்வது பொய்யல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பேசிப் பார்த்துத்தான் சொல்கிறோம். தமிழிலேயே பேசுகிறார்கள். மரியாதையாகப் பேசுகிறார்கள். காசு கேட்பதில்லை.

அப்படியானால் சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். டெலிபோனை வைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் சண்டை. பேசி முடித்ததும் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு ஏழைக்கு மனநல சேவை கிடைத்துவிட்டது என்று ஒரு கோடு விழுகிறது. அந்த ஏழையின் வீட்டிலோ அதன் பிறகுதான் பஸ் கட்டணமும், போன கூலியும், கிடைக்காத மாத்திரையும், வாசலில் நிற்கும் தவணைக்காரனும் வருகிறார்கள். இந்த இரண்டு கணக்கும் ஒன்றல்ல. இதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார அனுபவத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

கண்மாய்க்கரையில் நடந்த வைத்தியம்

நரிக்குடிக்கு அப்பால் ஒரு கிராமம். பெயர் வேண்டாம்; அந்தக் குடும்பம் அங்கேதான் வாழ வேண்டும். விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் கரிசல் காட்டைப் பிடித்து உளுந்தும் மல்லியும் விதைத்தார். மானாவாரி விவசாயத்தின் கதை நமக்குத் தெரியாததா? வேண்டியபோது மழை இல்லை. அறுக்கிற சமயத்தில் கொட்டித் தீர்த்தது. விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டுக்கும் வாரத் தவணை. மனுஷன் பேச்சை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி சங்க ஆபீசுக்கு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு காட்டுப் பக்கம் போறாரு தோழர். பின்னாலேயே நானும் போறேன். பகல்ல களை எடுக்கப் போகணும். எத்தனை நாளைக்கு நான் முழிச்சுக்கிட்டே இருக்க முடியும்?"

எங்கள் வாலிபத் தோழர் ஒருவரின் செல்போனிலிருந்துதான் 14416க்குப் பேசினோம். அந்த ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கண்மாய்க்கரை மேல் ஏறினால் கிடைக்கும். ஆகவே மாலை மங்கும் நேரத்தில் கரைமேல் நின்று வைத்தியம் நடந்தது. ஆடு ஓட்டி வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தண்ணீர்க்குடத்தோடு போனவர்கள் நின்று கேட்டார்கள். அந்தரங்கம் காக்கப்படும் என்று மறுமுனையில் உறுதி சொன்னார்கள். அவர்கள் காத்திருப்பார்கள், சந்தேகமில்லை, கண்மாய்க்கரை காக்கவில்லை. மறுநாள் காலை ஊர் முழுதும் ஒரே பேச்சு, இன்னாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று.

அவர் வாயே திறக்கவில்லை. மனைவிதான் பேசினாள். மறுமுனையில் இருந்த பெண் கேட்க வேண்டியதைக் கேட்டார். சாக வேண்டும் என்று சொல்கிறாரா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள் என்றார். பிறகு டாக்டரிடம் இணைப்புக் கொடுத்தார். டாக்டர், இவரை நேரில் பார்த்தாக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றார். சரியான யோசனை. வீட்டிலிருந்த மருந்து டப்பாவை அன்றிரவே அந்த அம்மாள் எங்களிடம் கொடுத்துவிட்டாள். அது பல வாரம் சங்க ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஓர் உயிர் அன்றைக்குத் தப்பியதென்றால் அதில் அந்த டெலிபோனுக்கும் பங்கு உண்டு.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயணம். டவுன் பஸ்ஸில் அந்த அம்மாளுக்கு டிக்கெட் இல்லை, புருஷனுக்கு உண்டு. மப்சல் பஸ் என்றால் இருவருக்கும் உண்டு. இருவர் கூலியும் போயிற்று. ஆனால் டாக்டர் பார்த்தார். ஒரு மாத மாத்திரை கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து நாளில் மனுஷன் சோறு கேட்டார். மூன்றாவது வாரம் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார்.

இரண்டாவது மாதம் களையெடுப்பு மும்முரம். ஒரு நாள் கூலியை விட்டால் அந்த வாரத் தவணை நிற்கும். ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சுகாதார நிலையத்தில் போய்ச் சீட்டைக் காட்டினாள். இந்த மாத்திரை இங்கே வருவதில்லை என்றார்கள். வெளியே கடையில் விலைக்கு வாங்கினாள், பாதி நாளுக்கு. பிறகு அதுவும் இல்லை. மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

மறுபடியும் கண்மாய்க்கரை. மறுபடியும் 14416. மறுபடியும் அன்பான குரல், மாத்திரையை நிறுத்தக் கூடாதம்மா என்றது. சர்க்காரின் ஏட்டில் இப்போது இரண்டு கோடுகள் விழுந்திருக்கும்.

ஏட்டுக் கணக்கு

இந்தத் திட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 10ந் தேதி, உலக மனநல தினத்தன்று, டெலி மானஸ் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம்தான் தலைமை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று அதற்கு அழகான பெயர் சூட்டினார்கள். 2024 அக்டோபருக்குள் நாடு முழுவதும் 14 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன என்று சர்க்காரே சொல்லிற்று. அதே மாதம் முகம் பார்த்துப் பேசும் வசதியையும் சேர்த்தார்கள்; அதை முதலில் பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அழைப்பு ஏறிக்கொண்டே போகிறது. பணம்? 2022-23ல் சுமார் 121 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மறு வருஷம் சுமார் 134 கோடி. 2024-25ல் 90 கோடி. கூப்பிடுகிற ஜனம் பெருகப் பெருகக் கொடுக்கிற பணம் சுருங்குகிற வினோதத்தைப் பாருங்கள்! நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தேசத்தின் மனக்கவலைக்கு 90 கோடி. தலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஏன் இந்தத் திட்டத்தின் மீது மந்திரிகளுக்கு இவ்வளவு காதல் என்பது இதிலிருந்தே விளங்கும். டாக்டரை வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். கிராமத்துக்கு மாத்திரை அனுப்பினால் லாரிக்கும் கிடங்குக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். டெலிபோன் எண்ணுக்கு ஐந்து இலக்கம் போதும், சுவரில் எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

டாக்டர்கள் இல்லையே, அதனால்தானே டெலிபோன் என்பார்கள். உண்மைதான், இல்லை. நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வு சொல்கிறது: வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநோய், அவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்கு வைத்தியமே கிட்டுவதில்லை. லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல டாக்டர்கூட இந்த நாட்டில் இல்லை. ஆனால் இல்லாமல் போனது யாரால்? தேசிய மனநலத் திட்டம் என்று பெயர் வைத்தது 1982ல். மாவட்ட மனநலத் திட்டம் என்று நான்கு மாவட்டங்களில் தொடங்கியது 1996ல்; அந்த நான்கில் ஒன்று நமது திருச்சி. நாற்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் டாக்டர்களைத் தயார் செய்யாமல், இப்போது டாக்டர் இல்லையே என்று கையை விரித்தால் என்ன அர்த்தம்?

ஏர்வாடியை மறக்க முடியுமா?

நம் வட்டாரத்து ஜனங்கள் இத்தனை காலம் என்ன செய்தார்கள்? சித்தம் கலங்கியவனை ஏர்வாடிக்கு அழைத்துப் போனார்கள். குணசீலத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நாம் பரிகாசம் செய்யவில்லை. திறந்திருந்த கதவு அது ஒன்றுதான், அதற்குள் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவைதாம். அந்தச் சங்கிலி நமக்கு அந்நியமானதல்ல.

அந்தத் தீக்குப் பிறகுதான் கோர்ட்டும் விழித்தது, சர்க்காரும் விழித்தது. கடைசியில் மனநல பராமரிப்புச் சட்டம் 2017ல் வந்தது. 2018 மே 29 முதல் அமலுக்கும் வந்தது. இந்தச் சட்டத்தில் சங்கிலிக்குத் தடை உண்டு. அதைவிட நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் அதன் 18வது பிரிவில் இருக்கின்றன. தோழர்கள் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனநோயாளி எவரும் வைத்தியத்துக்காக நெடுந்தூரம் போகும்படி விடக் கூடாது, அவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. அத்தியாவசிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் அதற்கு மேற்பட்ட எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் எந்த நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

சட்டத்தை எழுதினவர்களின் சாமர்த்தியத்தையும் கவனியுங்கள். சமுதாய சுகாதார நிலையம் 'முதல் மேலே' என்றார்கள். நமது கூலித் தாய் மாத்திரை கேட்டுப் போய் நின்ற இடமோ அதற்குக் கீழே இருக்கிற சின்ன நிலையம். அங்கே இல்லை என்று சொன்ன நர்சம்மாவின் மேல் தப்பில்லை. ஒரு கையால் அருகிலேயே கிடைக்கும் என்று எழுதி, மறு கையால் அருகில் இருப்பதை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் பிடிக்கும், கேஸ் போடுவார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாமல் இருக்கிற குடும்பங்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பயம் வேண்டாம். 2017 சட்டத்தின் 115வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சர்க்கார் அவருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309வது பிரிவே இல்லை. இதை ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் சொல்லியாக வேண்டும்.

நம்மிலும் சிலர்

சர்க்காரைச் சாடுவதோடு நிறுத்தினால் நேர்மையாகாது. நமது தோழர்களிலேயே சிலர், மனநோய் என்பது பங்களாவாசிகளின் வியாதி, கூலியை உயர்த்தினால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்கிறார்கள். இது மார்க்சியமல்ல, சோம்பேறித்தனம். பஞ்சுத் தூசியால் நெஞ்சில் சளி கட்டிய மில் தொழிலாளியிடம் கூலி உயர்ந்ததும் இருமல் நின்றுவிடும் என்று சொல்வோமா? தூசியைக் குறைக்கவும் போராடுகிறோம், டாக்டரிடமும் அழைத்துப் போகிறோம். மனதுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கணக்கைப் பாருங்கள். 2021ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்று மத்திய சர்க்காரின் குற்றப் பதிவேடு கூறுகிறது. இவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர்! மாநில வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகள் அதிகம் மாண்டது நமது தமிழ்நாட்டில், 7,673 பேர். இது பங்களாவாசிகளின் வியாதியா?

மறுபுறம், எல்லாம் மூளையில் உள்ள ரசாயனக் கோளாறு, கூலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிரசங்கிக்கும் மேதாவிகளும் உண்டு. இந்தோனேஷியாவில் பரம ஏழைக் குடும்பங்களுக்குச் சர்க்கார் ரொக்கப் பணம் கொடுத்தது. பணம் போய்ச் சேர்ந்த வட்டாரங்களில் தற்கொலை சுமார் 18 சதவீதம் குறைந்தது என்று 2019ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. மழை பொய்த்த வருஷத்தில் சாவு கூடுவதையும், கையில் அந்தப் பணம் இருந்தால் அந்தக் கூடுதல் குறைவதையும் அதே ஆராய்ச்சியில் கண்டார்கள். நம் கரிசல் காட்டுக் கூலிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டு சட்டமன்றமே 2025 ஏப்ரலில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது: கடன் வசூலிப்பவர்கள் பலவந்தம் செய்யக் கூடாது, அதனால் கடன்காரர் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றம் என்று. கடன் ஆளைக் கொல்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. அதே வருஷம் மார்ச்சில், நூறு நாள் வேலைக் கூலியில் 4,034 கோடி ரூபாயை டில்லி சர்க்கார் நிறுத்தி வைத்திருப்பதாக அப்போது மாநிலத்தை ஆண்ட கட்சியே தெருவில் இறங்கிக் கூச்சலிட்டது. மாதக் கணக்கில் கூலியை நிறுத்தி வைப்பது, அதனால் தூக்கம் கெட்டவனுக்கு டெலிபோனில் தாலாட்டுப் பாடுவது! இந்த இரண்டையும் ஒரே சர்க்கார்தான் செய்தது.

திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர் பிறந்த ஊர். 1879ல் அங்கே பிறந்தவர், 1896ல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் மௌனத்தில் அமர்ந்தார். உலகமெல்லாம் மன அமைதி தேடி அவரிடம் வந்தது. அந்த மௌனத்துக்கு நாம் மரியாதை செலுத்துகிறோம். ஆனால் அதே மண்ணில் கரிமூட்டத்துப் புகையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனின் மௌனம் வேறு. அதைப் பார்க்க யாரும் கார் ஏறி வருவதில்லை.

மில்லுக்குள் டெலிபோன் நுழையுமா?

கிராமத்தை விட்டு நூற்பாலைக்கு வருவோம். ஒரு மில்லின் ஹாஸ்டலில் தங்கி ரிங் பிரேமில் சைடு பார்க்கும் பெண்பிள்ளை, வயது இருபதுகூட ஆகவில்லை. ராத்திரி ஷிப்டில் பிரேம் ஓடும் சத்தம் பகலில் படுத்தாலும் காதில் கேட்கிறது, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றாள். அந்த நம்பருக்குப் பேசம்மா என்றோம். சிரித்தாள்.

"செல்லு வார்டன்கிட்டல்ல இருக்கு அண்ணே! ஞாயித்துக்கிழமை குடுப்பாங்க. பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பாங்க. வார்டனைப் பத்தியே வார்டன் முன்னாடி எப்படிண்ணே பேசுறது?"

24 மணி நேரச் சேவை என்று சர்க்கார் மார்தட்டுகிறது. அந்தப் பெண்ணுக்கு அது ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரச் சேவை, அதுவும் காவலோடு. தொழிலாளி தனியாக நின்று பேச ஓர் அறையும், தன் செல்போன் தன் கையில் இருக்கும் உரிமையும் இல்லாமல் டெலிபோன் வைத்தியம் என்பது மில் வாசல் வரைக்கும்தான். இதை எந்தச் சுற்றறிக்கையிலாவது எழுதியிருக்கிறார்களா? முதலாளியின் மனம் புண்படும்படி எழுதுவார்களா?

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. இதிலும் லாபம் இருக்கிறதென்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். பணம் கட்டினால் ஆலோசனை, மாதச் சந்தா கட்டினால் ஆறுதல், ஆளே வேண்டாம் இயந்திரமே பேசும் என்றெல்லாம் செல்போனில் கடை விரித்திருக்கிறார்கள். இவர்களின் யோக்கியதைக்கு அமெரிக்காவிலிருந்தே ஓர் உதாரணம். பெட்டர்ஹெல்ப் என்ற கம்பெனி டெலிபோன் வழி மன ஆலோசனையில் பெரும் புள்ளி. ஜனங்கள் அந்தரங்கம் என்று நம்பிக் கொடுத்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய கம்பெனிகளுக்குத் தந்துவிட்டது என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷனே 2023ல் குற்றம் சாட்டி, 78 லட்சம் டாலர் கட்டும்படி செய்தது. கண்ணீரையும் சரக்காக்கி விற்கிறவர்கள்!

ஆகிற காரியம்தான்

டெலிபோனை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். செய்து காட்டியும் இருக்கிறார்கள், அதுவும் நமக்கு வெகு தூரத்தில் அல்ல, புதுக்கோட்டையில். டாக்டர் சாரதா மேனன் முதலியோர் 1984ல் சென்னையில் அமைத்த ஸ்கார்ப் என்ற ஸ்தாபனம், 2010 வாக்கில் ஒரு பஸ்ஸையே வைத்திய அறையாக்கிப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பிற்று. பஸ்ஸுக்குள் திரையில் சென்னை டாக்டர். பஸ்ஸிலேயே மருந்து அறை. சீட்டு எழுதியதும் கையில் மாத்திரை, இலவசம். உள்ளூரில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆட்கள் வீடு வீடாகப் போய், வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். இங்கேயும் டாக்டர் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் அவருடைய குரலோடு மாத்திரையும் வந்தது, ஆளும் வந்தார். நம் கண்மாய்க்கரைக்கு வந்தது குரல் மட்டும்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற ஏழை நாட்டில், டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006ல் ஹராரே நகரத்து ஏழைகள் பகுதியில் வேறொன்று செய்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்கார வைத்தார். மனக்கஷ்டம் உள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். 'அதிகமாக யோசிப்பது' என்றுதான் அங்கேயும் இந்த நோய்க்குப் பெயராம். நம் ஊரிலும் ஒரே யோசனையாகக் கிடக்கிறான் என்றுதானே சொல்கிறோம்! இதனால் ஜனங்களின் நோய் மெய்யாகவே குறைந்தது என்பதை 2016ல் முறைப்படி சோதித்து நிரூபித்தார்கள். ஒரு பெஞ்சு, நாலு பாட்டிமார். நம் ஊர்ச் சாவடியில் இவை இல்லையா?

விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் செய்வதும் வைத்தியம்தான். இலங்கையில் 1995ல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள், 1998ல் எண்டோசல்பானையும் தடை செய்தார்கள். பத்தே வருஷத்தில் தற்கொலை பாதியாகக் குறைந்தது. யுத்தம் ஓயவில்லை, வறுமையும் ஓயவில்லை. விஷம் மட்டும் எட்டாமல் போயிற்று. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் சென்னை சிநேகா அமைப்பினர் பொதுக் கிடங்கு கட்டி, ஒவ்வொரு விவசாயியின் மருந்தையும் பெட்டியில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் பலன் தெரிந்தது. எங்கள் சங்க ஆபீஸ் அலமாரி செய்ததை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் செய்யலாமே.

எல்லாவற்றிலும் எளிய காரியம் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாநில சர்க்கார் ஆரம்பித்தது. சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே பெண்கள் வருகிறார்கள். நல்ல திட்டம், எதிர்க்கட்சியாக இருந்தாலும் நல்லதை நல்லது என்போம். நாம் கேட்பது, அதே பையில் இந்த மாத்திரையும் வர வேண்டும் என்பது. பெரிய டாக்டர் ஒரு முறை பார்த்துச் சீட்டு எழுதிவிட்டால், மாதா மாதம் அதே கூலித் தாய் இரண்டு பஸ் ஏற வேண்டிய அவசியம் என்ன? பை சுமக்கும் பெண்களுக்கும் ஊக்கத்தொகை என்று பிச்சை போடாமல் சம்பளமாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் படும் பாட்டைத் தனியாக எழுத வேண்டும், பிறகு எழுதுவோம்.

இந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சங்கத் தோழர்கள் உண்டியல் குலுக்கிப் பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். மாதா மாதம் ஒரு தோழர் சீட்டை எடுத்துக்கொண்டு கூடவே போய் மாத்திரை வாங்கி வருகிறார். அவர் வேலைக்குப் போகிறார். கொஞ்சம் பேசுகிறார். கடன் அப்படியே இருக்கிறது.

உண்டியல் ஒரு வீட்டுக்குப் போதும். திருச்சுழி தாலுகாவுக்குப் போதாது. ஆகவே வரும் திங்கட்கிழமை மனு நாளில் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநோய் மாத்திரை இருக்க வேண்டும்; மாதம் ஒரு நாள் மனநல டாக்டர் நேரில் வர வேண்டும், முடியாத மாதத்தில் திரையிலாவது வர வேண்டும், எந்த நாள், எத்தனை மணி என்று வாசலில் போர்டு எழுத வேண்டும்; மில் ஹாஸ்டல்களில் செல்போன் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். இவை மனுவில் உள்ளவை. கூலி நிலுவைக்கும் கடன் வசூல் கொடுமைக்கும் தனி மனு. வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, மாத்திரைக்கு அலைகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பெயர் வெளியே போகாது. அதுவரைக்கும் ராத்திரியில் நெருக்கடி வந்தால் 14416, அல்லது 104. தயங்க வேண்டாம், பேசுங்கள். அவர்கள் எடுப்பார்கள். காலையில் சங்க ஆபீசுக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வர ஆள் இருக்கிறது.